ஆடையும் ஆடலும்

ஆடற்கலையைப் பற்றி எழுதுவோர் பாவத்தையும் இராகத்தையும் தாளத்தையும் பற்றி விரிவாக எழுதுவர். ஆடுகின்ற பிள்ளை உடுத்திருக்கும் துணிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று எழுதுவோர் அரியர். ஆயினும், வறிய வீட்டுப் பிள்ளையொன்று நடனம் பயிலத் தொடங்கினால், அவ்வீட்டில் முதலில் எழுவது அந்தக் கேள்வியேயாகும்.

வடமராட்சியின் கரையோரக் கிராமமொன்றில், 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அக்கேள்வி ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. அவ்வீட்டுத் தகப்பன் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் தொழிலுக்குப் போகிறவர். அவ்வாண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கடலுக்குப் போன நாட்களிலும் போகாத நாட்களே மிகுந்தன. தாய் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறவர். 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கிவரும் சீருடைத் துணியை ஊரவர் அவரிடமே கொண்டுவந்து தைப்பித்துக்கொள்வர். ஆனால் அந்த வருமானமும் பழைய பெறுமதியில் நிற்கவில்லை. பங்குனியில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணயம் வைகாசிக்குள் 360 ரூபாவரை வீழ்ந்தது. புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். இவ்வெண்கள் பொருளியல் மாணவருக்குப் புள்ளிவிபரங்கள். அத்தாய்க்கோ அவை நூற்கட்டையின் விலை, ஊசியின் விலை, பாணின் விலை.

அவ்வீட்டின் மூத்த பிள்ளைக்குப் பத்து வயது. சனி, ஞாயிறு மாலைகளில் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் நடைபெற்ற பரதநாட்டிய வகுப்புக்கு அவள் போய்வந்தாள். வகுப்பை நடத்திய ஆசிரியை சிறு தொகையொன்றையே மாதக் கட்டணமாகப் பெறுவார். தராதவரைத் தட்டிக் கேட்கமாட்டார். பயிற்சிக்கு வேண்டிய பருத்திச் சேலையையும் காற்சட்டையையும் தாய் எஞ்சிய துணிகளில் தைத்துக் கொடுத்திருந்தார். ஆகவே ஈராண்டுகள் இக்கலை அவ்வீட்டில் செலவென்று உணரப்படாமலே வளர்ந்தது.

ஆண்டிறுதிக் கலைவிழா நெருங்கியபோது பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“ரீச்சர் தந்தவா, அம்மா. உடுப்புக்கு அளவும் எடுக்கோணுமாம்.”

தாளில் எழுதியிருந்தவை: பட்டு உடுப்பு, தலைச்சாமான், நெற்றிச்சுட்டி, மாட்டல், கழுத்து மாலை, வங்கி, ஒட்டியாணம், குஞ்சம், சலங்கை, ஒப்பனைப் பொருள்கள். தாய் அதனை இருமுறை வாசித்தார். தையற்கூலியை அவர் தம் கையாலேயே தவிர்த்துக்கொள்ளலாம். பட்டுக்கு என்ன செய்வது? நகைகள் கவரிங்காயினும் இந்தியாவிலிருந்து வருபவை; டொலரின் விலை அவற்றில் ஏறியிருந்தது. அன்றிரவு அவர் கணக்குக் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது, தொகை அவரது மூன்று மாதத் தையல் வருமானத்தையும் கடந்து நின்றது.

மறுநாள் அவர் பெட்டகத்தைத் திறந்து தமது கூறைச்சேலையை எடுத்தார். அதனைப் பாயில் விரித்து, அளவு நாடாவால் அளந்தார். விசிறிக்கு இவ்வளவு, மேற்சட்டைக்கு இவ்வளவு என்று அவரது விரல்கள் கணக்கிட்டன. கத்தரிக்கோல் பக்கத்திற் கிடந்தது. தண்ணீர் குடிக்க வந்த பிள்ளை வாசலில் நின்று அதனைப் பார்த்துவிட்டுப் பேசாமற் போனாள். அன்று மாலை வகுப்புக்கு நேரமாகியும் அவள் புறப்படவில்லை.

“எனக்கு இனி டான்ஸ் வேண்டாம் அம்மா. கால் நோகுது.”

அவள் சொன்னது பொய் என்பதைத் தாய் உடனே அறிந்தார். காலையில்தான் கிணற்றடியில் அவள் அடவு மிதித்துக்கொண்டிருந்தாள். ஆயினும் அப்பொய்யைக் கேட்டவுடன் தம் நெஞ்சில் ஒரு சுமை இறங்கியதையும் தாய் உணர்ந்தார். அவ்வாறு இறங்கியதுதான் பின்னர் அவரை உறங்கவிடவில்லை.

இவ்விடத்தில் அவ்வீட்டைச் சற்று விட்டு, இத்தகைய வீடுகள் பிறநாடுகளில் எவ்வாறு இருந்தன என்று நோக்குவது பயனுடையது. ஏனெனில் ஆடையின் விலையால் ஆடல் நின்றுபோகும் நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று.

ஐரோப்பாவின் பாலே நடனத்தை எடுத்துக்கொள்வோம். வறியவர் பிள்ளைகளின் உடையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பதும், பாடசாலைச் சப்பாத்தை ஓரளவு கூட்டி வாங்கி முனையிற் பஞ்சு வைப்பதும் எங்கும் உள்ள வழக்கம். பாலே சப்பாத்து அதற்கு இடங்கொடாது. அது தோல்போல் காலோடு ஒட்டியிருக்க வேண்டும்; தளர்ந்திருந்தால் கால் பிசகும். ஆகவே வளரும் பிள்ளைக்கு வாங்கியது சில மாதங்களிற் கைவிடப்படும். விரல்நுனியில் நின்று ஆடும் சப்பாத்தின் முனை துணியும் தாளும் பசையும் அடுக்கி இறுக்கியது. வியர்வையாலும் உடற்பாரத்தாலும் அது இளகிவிடும். பெரிய நடனக் குழுவொன்றின் முதன்மை ஆடுநர் ஒரே அரங்கேற்றத்தில் ஒரு சோடியைத் தீர்த்துவிடுவதுண்டு. ஏழ்மை கைக்கொள்ளும் சிக்கன உபாயங்கள் அனைத்தையும் இக்கலையின் உடை மறுத்துவிடுகிறது.

1881ஆம் ஆண்டு பரிசில் நடந்த ஓவியக் கண்காட்சியொன்றில் எட்கார் டெகா என்ற கலைஞர் பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுருவம் ஒன்றை வைத்தார். அவ்வுருவத்துக்கு மெய்யான துணிப் பாவாடையும், மெய்யான பாலே சப்பாத்தும், கூந்தலில் நாடாவும் அணிவித்திருந்தார். அதற்கு மாதிரியாக நின்றவள் பரிஸ் ஒப்பேரா அரங்கில் நடனம் பயின்ற மரி வான் கூத்தெம் என்னும் சிறுமி. அவளுடைய தகப்பன் தையற்காரர். தாய் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவள். நடனப் பயிற்சிக்கிடையே ஓவியர்முன் நின்று பெற்ற காசும் அவ்வீட்டுக்கு வேண்டியதாயிற்று. வகுப்புகளுக்கு ஒழுங்காக வரவில்லையென்று 1882இல் அவள் நீக்கப்பட்டாள். அதன்பின் அவளது வாழ்வு பதிவுகளில் மங்கி மறைகிறது. அவளது உருவத்தின் வெண்கல வார்ப்புகளோ இன்று உலகின் பெரிய அரும்பொருளகங்களில் நிற்கின்றன. அவற்றின் பாவாடை நைந்தால் புதிய பாவாடை தைத்து அணிவிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்தக் கண்காட்சி நடந்த அதே 1881இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் இன்னொரு சலவைத் தொழிலாளியின் மகள் பிறந்தாள். அவள் அன்னா பாவ்லோவா. வறுமையிலும் உடல் மெலிவிலும் வளர்ந்த அப்பிள்ளை 1891இல் அரச நடனப் பாடசாலையிற் சேர்க்கப்பட்டாள். அங்கே தங்குமிடமும் உணவும் உடையும் சப்பாத்தும் அரச திறைசேரியின் செலவு. அது மக்களாட்சியன்று, சார் மன்னனின் கொடுங்கோல் ஆட்சி. ஆயினும் அப்பாடசாலையின் வாயிலுக்குள் நுழைந்த பிள்ளையின் சப்பாத்துக்குத் தாய் கணக்கெழுத வேண்டியதில்லை. இரு சிறுமியருக்கும் உள்ள வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடு என்று மட்டும் கூறி அமைவது எளிது. ஒருத்தியின் வறுமையை நிறுவனமொன்று தாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

பாவ்லோவாவின் கதை தமிழரின் ஆடலோடும் வந்து பொருந்துகிறது. அவரைச் சந்தித்து, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றவர் ருக்மிணிதேவி அருண்டேல். தம் நாட்டுக் கலையைத் தேடும்படி அவரைத் தூண்டியவர் பாவ்லோவாவே. பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பயின்று, 1935இல் அடையாற்றில் அவர் ஆடியபோது, ஆடலோடு ஆடையும் புதிதாயிற்று. முன்னைய சதிர் மரபிற் சேலையையே உடுத்தும் முறையில் உடுத்து ஆடினர். மரபுவழிக் குடும்பத்தில் வந்த பாலசரசுவதி போன்றோர் பின்னரும் அம்முறையை விட்டாரில்லர். இன்று மேடைகளிற் காணும் விசிறி வைத்துத் தைத்த உடையோ முப்பதுகளில் உருவானது. சேலை எவர் உடலுக்கும் இணங்கும். தாயுடையதை மகள் உடுக்கலாம். தைத்த உடை ஓர் உடலுக்கு உரியது. அழகு கூடியது, அதனோடு, உடை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிச் செலவாகவும் மாறியது. இதனைக் குறையாகக் கூறவேண்டியதில்லை. ஆனால் ‘தொன்றுதொட்டு வந்த உடை’ என்று கூறி வறிய பெற்றோரைக் கடன்படச் செய்வோர், அதன் வயது நூறாண்டு நிரம்பவில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனி வடமராட்சி வீட்டுக்குத் திரும்பலாம். அத்தாய் கூறையை வெட்டவில்லை. அதனை மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடியும் வேளையில் மண்டபத்துக்குப் போனார். மற்றத் தாய்மார் போகும்வரை தூணருகில் நின்றார். சொல்ல வேண்டியதை அவர் வழிநெடுக ஒழுங்குபடுத்தி வந்திருந்தார். ஆனால் சொன்னது வேறு.

“ரீச்சர், எங்களாலை ஏலாது. பிள்ளை அதைக் கண்டிட்டுத்தான் கால் நோகுதெண்டு நிக்கிறாள்.”

ஆசிரியை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அக்கா, அந்தத் தாளை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்தது என்ரை பிழை,” என்றார். “இந்த வருசம் நாலு பிள்ளையள் நிண்டிட்டினம். ஒருதரும் காரணம் சொல்லேல்லை. படிப்புக் கூடிப்போச்செண்டு நினைச்சிருந்தன்.”

நால்வரும் நின்றதற்குக் காரணம் ஒன்றாகவே இருத்தல் கூடும் என்பது அப்பொழுதுதான் இருவருக்கும் தோன்றியது. ஒவ்வொரு வீடும் தன் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியே வெட்கப்பட்டிருந்தது. பட்டின் விலையினும் அந்த மௌனத்தின் விலை அதிகம். விலையேற்றத்தை ஒரு தாய் தடுக்கமுடியாது. மௌனத்தை ஒரு வாக்கியத்தாற் கலைக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வது, மூன்று மாத வருமானத்தைக் கொடுப்பதிலும் பலருக்குக் கடினமாயிருக்கிறது.

ஆசிரியையின் வீட்டு அலுமாரியில் அரக்கு நிற உடையொன்று இருந்தது. வெளிநாடு சென்றுவிட்ட பழைய மாணவியொருத்தி விட்டுப்போனது. தாய் அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தின்மேல் விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அளவு சிறிதாக்கும் பொருட்டுத் தையலைப் பிரித்தார். உட்புறத்தில், பிரித்த தையலுக்கு அருகே பழைய ஊசித் துளைகள் வேறு இரண்டு வரிசைகளாக ஓடின. துணியைத் தொட்டு வாழ்பவர் ஆதலால் அவர் அவற்றை எழுத்துப்போல் வாசித்தார். அவ்வுடை ஒரு பிள்ளைக்காகத் தைக்கப்பட்டு, வேறு இரு பிள்ளைகளுக்காக இடம் மாறியிருந்தது. முதலில் தைத்தவர் யாரோ, வளரும் உடலை எண்ணி உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தார்.

“இஞ்சை பார்,” என்று அவர் மகளைக் கூப்பிட்டுத் துளைகளைக் காட்டினார். “உனக்கு முதல் மூண்டு பேர் இதுக்குள்ளை நிண்டிருக்கினம்.”

பிள்ளை விரலால் ஒவ்வொரு வரிசையையும் தடவிப் பார்த்தாள். அவளது கால் நோவைப் பற்றி அதன்பின் அவ்வீட்டில் எவரும் பேசவில்லை.

நகைகளை உயர்வகுப்பு மாணவியொருத்தி இரவல் கொடுத்தாள். சலங்கை மாத்திரம் புதிதாக வாங்கப்பட்டது. அதனை இரவல் கொடுக்கப் பலர் மனங்கொள்வதில்லை. தகப்பன் இரண்டு தடவை கடலுக்குப் போய்வந்த காசு அதற்குச் சென்றது. விழாவன்று மேடையில் ஆறு பிள்ளைகள் ஆடினர். எவ்வுடை புதியது, எவ்வுடை பழையது என்று மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. முன்வரிசையிலிருந்தோருக்கு முடிந்திருக்கலாம்.

விழா முடிந்தபின் தாய் அவ்வுடையை நிழலில் உலர்த்தி, பழைய பருத்தித் துணியொன்றிற் சுற்றி, ஆசிரியையிடம் கொண்டுபோனார். தமக்கு மிகையாக இருந்த துணியை அவர் வெட்டியெறியவில்லை. உள்ளே மடித்துத் தைத்திருந்தார். யாரேனும் பழைய பட்டுச்சேலை தருவாராயின், அடுத்த ஆண்டு நின்றுபோன நான்கு பிள்ளைகளுக்கும் கூலியின்றித் தைத்துத் தருவதாகவும், அவை வகுப்பின் அலுமாரியிலேயே இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தார். தை பிறந்து இரண்டாம் கிழமை, மூன்று சேலைகள் அவரது வீட்டுக்கு வந்துசேர்ந்தன. அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, முதலிற் போகவேண்டிய வீட்டின் படலையைத் தட்டினார்.