வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெயர்

தம்பி மகளின் பள்ளிக்கூட டைரியில் தினமும் பெற்றோர் கையெழுத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. தம்பியும் அவன் மனைவியும் ஊருக்குப் போயிருப்பதால் இந்த வாரம் அந்தக் கட்டம் என் வசம். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ஆபீஸில் பிடித்துக்கொண்ட வியாதி. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஆகவே ஏழாம் வகுப்பின் ஒரு வாரத்தை வரி விடாமல் படித்தேன். எந்தப் பாடத்துக்கும் பக்கத்துப் பாடத்தோடு பேச்சுவார்த்தை இல்லை என்று தெரிந்தது.

திங்கள், கணக்கு. எதிர் விகிதம். பத்துப் பேர் பன்னிரண்டு நாளில் கட்டும் சுவரை இருபது பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள்? ஆறு என்று எழுதியதோடு அவள் நிற்கவில்லை. நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டு, 57,600 பேர் சேர்ந்தால் ஒரே நிமிடத்தில் சுவர் எழும்பிவிடும் என்று ரஃப் நோட்டில் கண்டுபிடித்துவிட்டாள். "அவ்வளவு பேரும் எங்க நிப்பாங்க பெரியப்பா?" நியாயமான கேள்வி. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் டீ வாங்கிக் கொடுத்து வீடு கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆளை இரண்டு மடங்காக்கினால் பேச்சுதான் இரண்டு மடங்காகும். ஆனால் விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

செவ்வாய், அறிவியல். ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு. முளையை தினமும் ஸ்கேலால் அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். வீட்டில் யாரும் தூண்டாமல் தன் வேலையைச் செய்தது அந்தப் பயறு ஒன்றுதான்.

புதன், சமூக அறிவியல். அவுட்லைன் மேப்பில் ஆறுகளை நீலப் பென்சிலால் வரைய வேண்டும். இங்கேதான் என் இரவுச் சாப்பாடு தாமதமானது. கோதாவரி பிறப்பது நாசிக் பக்கத்துத் திரியம்பகத்தில். அங்கிருந்து அரபிக்கடல் சுமார் 80 கி.மீ.தான். ஆனால் அது கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே கிளம்பி, 1,465 கி.மீ. நடந்து வங்கக்கடலில் போய்ச் சேருகிறது. தக்காணப் பீடபூமி கிழக்கே சரிந்திருப்பதுதான் காரணம். கிருஷ்ணாவும் காவிரியும் மேற்கு மலையில் பிறந்து இந்தப் பக்கம் வருவதும் அதனால்தான். நர்மதையும் தபதியும் பிளவுப் பள்ளத்தாக்கு கிடைத்த தைரியத்தில் மேற்கே போய்விட்டன. பத்து நிமிட வேலைக்குப் பென்சில் சீவி, தண்ணீர் குடித்து, ரப்பர் தேடி, மறுபடியும் பென்சில் சீவும் தம்பி மகளைப் பார்த்தபோது, அவளும் கோதாவரி வம்சம்தான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை தமிழில் மனப்பாடப் பகுதி. வெள்ளிக்கிழமை ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பித்தாள். என் காலத்திலும் இதே காய்ச்சல்தான், இன்னும் இறங்கவில்லை.

இவ்வளவும் டைரியில் பதிவாகிவிடுவதால் அவள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போதாததற்கு வாட்ஸப் குழுவிலும் வருகிறது. வேன் தெருமுனை திரும்புவதற்குள் வீட்டுப்பாடம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் வேறு மாதிரி வீட்டுப்பாடம் ஒன்று வருகிறது. அவர் பிறந்தது 1855இல். படிக்க ஆரம்பித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளை மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவரிடமும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ மிருகத்தின் பெயரோ சொல்லி அனுப்புவாராம். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெரிய புத்தகத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற இடம் இது. நோட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஒரு பையன் கொன்றையோடு போகிறான், இன்னொருவன் நாரையோடு போகிறான். வழியில் மாடு முட்ட வந்தாலும், குளத்தில் குதித்தாலும், ராத்திரி அப்பளத்துக்குச் சண்டை போட்டாலும் அந்தப் பெயரைத் தவறவிடக் கூடாது. நினைவாற்றலுக்கான பயிற்சி என்றுதான் ஐயர் சொல்கிறார். எனக்கோ அதில் இன்னொன்றும் தெரிகிறது. ராத்திரி முழுக்க நாரையைச் சுமந்தவன் மறுநாள் வயலில் நாரையைப் பார்த்தால் சும்மா போக மாட்டான்.

1880இல் அவருக்கு இதே மாதிரி ஒரு பாடம் மறுபடியும் கிடைத்தது. அப்போது வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று பெரிய பட்டியலே ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அவற்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மூன்று பெயர்களோடு வீட்டுக்குத் திரும்பினார். பிறகு ஊர் ஊராக அலைந்து, ஏடு ஏடாக ஒப்பிட்டு, சிந்தாமணியை 1887இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் அச்சில் கொண்டுவந்தார். மூன்றாவது விடையைக் கொடுத்து முடிக்கப் பதினெட்டு வருஷம். திண்ணை வாத்தியார் கொடுத்த பூதான் இதற்கெல்லாம் காரணம் என்று நான் வாதாட மாட்டேன். ஒரு பெயரை இறக்கி வைக்காமல் சுமப்பது எப்படி என்று சின்ன வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவளிடம் இதைச் சொல்லி, 'இருவாச்சி' என்று ஒரு பறவைப் பெயரையும் கொடுத்தேன். எழுதிக்கொள்ளக் கூடாது, போனில் தேடக் கூடாது. "டெஸ்ட்டுக்கு வருமா?" என்றாள். வராது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் உங்களுக்கும் ஒன்று என்று 'க்ரீப்பர்' என்றாள். கொடி ஏதாவதா என்று கேட்டதற்குச் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் இருவாச்சியைச் சரியாகச் சொன்னாள். நானும் க்ரீப்பர் என்றேன். "அது என்ன பண்ணும்?" என்று மடக்கப் பார்த்தாள். பால் வாங்கப் போனபோதே எதிர்வீட்டுப் பையனைப் பிடித்து விசாரித்திருந்தேன். மைன்கிராஃப்ட் விளையாட்டில் வருகிற பச்சை ஜந்து. சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து வெடிக்கும். அவள் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. இன்றைக்கு மறுபடி என் முறை. சுலபமாக எதையும் கொடுப்பதாக இல்லை.