கையறிவும் நூலறிவும்

நூல்களோடு வாழ்பவனே கல்விமான். கம்பியையும் திருகாணியையும் முறுக்குபவன் வெறுந் தொழிலாளி என்பது என் நெடுநாளைய எண்ணம். ஆதலின் தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய யான், பௌதிக ஆய்வுக்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்குள்ள தோழர்களைச் சற்று இரக்கத்துடனேயே நோக்குவேன். இதனை உணர்ந்த என் விடுதித் தோழன், ஓரிரவு வால்ட்டர் பிராட்டெயின் என்னும் பௌதிக அறிஞரின் வரலாற்றைக் கூறினான். அன்று என் செருக்கு ஆட்டங்கண்டது.

பிராட்டெயின் 1902-இல் சீனத்து அமாய் நகரில் அமெரிக்கப் பெற்றோர்க்குப் பிறந்தவர். வாஷிங்டன் மாநிலத்துக் கால்நடைப் பண்ணையில் வளர்ந்தவர். தம் பெற்றோர் பயின்ற விட்மன் கல்லூரியிலேயே பயின்று, 1924-இல் பட்டம் பெற்றார். 1929-இல் பெல் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார்.

செம்பு மின்சாரத்தை எளிதிற் செலுத்தும், கண்ணாடி தடுக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை குறைகடத்திகள். அவற்றின் மேற்பரப்பில் நிகழ்வது யாது என்பதைப் பரிசோதனையால் அறிவதே பிராட்டெயினுடைய வாழ்நாட்பணி ஆயிற்று. உடன் உழைத்த ஜான் பார்டீன் கொள்கையை வகுப்பார். இவர் அதனைக் கையாற் செய்து பார்ப்பார்.

1947-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மானியத்தின்மேற் படிந்திருந்த மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தை அவர் அறியாமலே கழுவிவிட்டார். அதனால், மேலே வைத்த பொன் நேரே ஜெர்மானியத்தைத் தொட்டது. பிறரெனின் பிழையென்று தள்ளியிருப்பர், அவரோ விளைவைக் கூர்ந்து நோக்கினார், அதுவே வழிகாட்டிற்று. முக்கோணப் பிளாஸ்டிக்குத் துண்டின் விளிம்பிற் பொற்றகட்டை ஒட்டி, நுனியைச் சவர அலகாற் கீறி, மயிரிழையளவு பிளவு உண்டாக்கினார். அதனை ஒரு கம்பிச்சுருளால் ஜெர்மானியத்தின்மீது அழுத்தினார். டிசம்பர் 16-இல் உட்சென்ற மெலிந்த மின்குறி வலிமை பெற்று வெளிவந்தது. டிரான்ஸிஸ்டர் பிறந்தது! இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியில் அவை கோடிக்கணக்கில் உள. பார்டீன், ஷாக்லி ஆகியோருடன் அவர் 1956-இல் நோபெல் பரிசு பெற்றார்.

மறுநாள் தோழனுடன் ஆய்வுக்கூடம் புகுந்து, மெல்லிய கம்பியொன்றைப் பற்றவைக்க முயன்றேன். மும்முறை தவறினேன், கை நடுங்கிற்று. அவன் நகைக்கவில்லை, "மெதுவாகச் செய்" என்று மட்டும் சொன்னான். அவனை நோக்கி இரங்கிய நாட்களை நினைந்து நாணினேன்.

அப்போது மற்றொன்றும் தோன்றிற்று. ஓலை கிழியாமல் எழுத்தாணியாற் கீறிய கைகள் இல்லையேல், யான் பயிலும் பழந்தமிழ் நூல்கள் எங்கே? அவ்வேடெழுதினோர் பெயர்களில் எத்தனையை யான் அறிவேன்? தச்சுப்பட்டறையில் வளர்ந்த ஆண்டவரை நாடோறும் வணங்கும் யான், கைத்தொழிலை இழிவென எண்ணியது எத்துணைப் பேதைமை!

1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தினின்றும் ஓய்வு பெற்ற பிராட்டெயின், தாம் பயின்ற விட்மன் கல்லூரியிலேயே ஆசிரியப் பணி ஆற்றினார். அங்கே விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளாத மாணவர்க்கும் பௌதிகம் கற்பித்தார். அவர் 1987-இல் மறைந்தார். அம்மாணவர்களுள் ஒருவனாக அமரும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தின் கதவு இக்கல்லூரியிலும் திறந்தே இருக்கிறது. இனி அதனை யான் வாளா கடந்து செல்லேன்.