பதினோரு மீட்டருக்கு எத்தனை மடங்கு?

மெரினாவில் பலூன் சுடாமல் வளர்ந்த சென்னைவாசி அபூர்வம். பலகையில் வரிசையாகப் பலூன்கள், கையில் முனை லேசாக விலகின துப்பாக்கி, பக்கத்தில் காதலியோ (கல்யாணமானவர் என்றால்) மச்சினனோ. அந்தத் துப்பாக்கியின் சற்றே நாகரிகமான தம்பி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள். குழாயை மடக்கி, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட்டால் 'டொப்' என்று ஒரு சத்தம். எதிர் ஃப்ளாட் குக்கர் விசில் இதைவிடக் கம்பீரமாக இருக்கும்.

2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 20 ஜூலைத் தாண்டாத, 4.5 மி.மீ.க்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். என்னுடையது ஆறு ஜூலுக்கே மூச்சு வாங்கும். ஆனாலும் கண்ணைக் குருடாக்க அது தாராளமாகப் போதும். அதனால்தான் எங்கள் பெரும்பாக்கம் அபார்ட்மென்ட் செக்ரட்டரி கண்டிஷன் போட்டார். ஞாயிறு காலை மட்டும், மாடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பழைய துணி திணித்த மரப்பெட்டிக்குப் பின்னால் கட்டாயம் சுவர். மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தச் சுவர் வரை டேப் வைத்து அளந்தேன். பதினோரு மீட்டர்.

இவ்வளவு கிட்டத்தில் ஸ்கோப் எதற்கு என்று கேட்பீர்கள். மனைவியும் அதைத்தான் கேட்டாள். "என்னங்க, பதினோரு மீட்டர்ல இருக்கறத பாக்க டெலஸ்கோப்பா?"

கேள்வி நியாயம்தான். ஆனால் பதில் தூரத்தில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது. சாதாரணக் குறியில் பின்பக்கத்து வெட்டு, முன்பக்கத்து முள், அப்பால் இலக்கு, இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். பத்து வருஷம் கம்ப்யூட்டரை முறைத்த கண்ணுக்கு இவற்றில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும், மற்ற இரண்டும் சாம்பார். ஸ்கோப்பில் குறுக்குக் கோடும் இலக்கும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே தெளிவில் வந்து உட்காரும். கண்ணாடி போட்டவனுக்கு அது பெரிய உபகாரம்.

நகரத்துக்குள் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை மேஜையில் வைத்தார். "சார், இருபத்துநாலு மடங்கு! நிலாவுல இருக்கற பாட்டியே தெரிவா." விலை துப்பாக்கியைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம். பாட்டி தெரிந்தாளோ இல்லையோ, கடைக்குள் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரியவில்லை. வெறும் பனிமூட்டம். தள்ளி நின்று பார்ப்பதற்காகச் செய்த கருவி அது. கிட்டத்தில் இருப்பதை மதிக்காது, சில பெரிய மனிதர்களைப் போல.

இதில் பேரலாக்ஸ் என்று ஒரு சமாசாரம் உண்டு. ஸ்கூட்டரில் போகும்போது பின்ஸீட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து "அறுபதுல போறீங்க" என்பாள். எனக்கு ஐம்பதுதான் தெரியும். முள் ஒன்றுதான், பார்க்கிற கோணம் வேறு. முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் வருகிற சண்டை. ஸ்கோப்பிலும் இதே கதைதான். கண்ணை லேசாக நகர்த்தினால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகரும். பெரிய துப்பாக்கி ஸ்கோப்புகளில் இந்தப் பிசகு நூறு கஜத்தில் இல்லாதபடி அமைத்திருப்பார்கள். பதினோரு மீட்டரில் அது முழு வீச்சில் இருக்கும். முன் லென்ஸைத் திருகி, பத்து மீட்டர் வரைக்கும் சரிசெய்துகொள்ளக்கூடிய ஸ்கோப்தான் நமக்கு லாயக்கு. கடையிலேயே எதிர்ச் சுவரைப் பார்த்துவிடுங்கள். தெளிவாக இருக்கிறதா, தலையை அசைத்தால் கோடு அப்படியே நிற்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

அடுத்தது உதை. சின்னத் துப்பாக்கிக்கு என்ன உதை என்று நினைப்போம். நம்ம டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது புரியும். டிரைவர் சட்டென்று கிளப்பினால் பின்னால் சாய்கிறோம், அதற்கு எல்லோரும் தயார். உடனே பிரேக் போட்டால்தான் முன் ஸீட் மாமி மேல் விழுகிறோம். ஸ்பிரிங் ரைஃபிளில் இரண்டும் ஒரே கணத்தில் நடக்கிறது. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் கோடியில் போய் நிற்கும்போது துப்பாக்கி முன்னால் குலுங்கும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப் முதல் குலுக்கலுக்கு மட்டுமே பழகினது. இரண்டாவதில் அதன் உள்ளே இருக்கும் லென்ஸும் கோடும் இடம்பெயரலாம். விலை கூடின ஸ்கோப் என்பதால் மட்டும் தாங்கிவிடாது. 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு' என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மவுண்டும் மெள்ளப் பின்வாங்கும். அது நகராமல் தடுக்க ஒரு குட்டி ஆணி வைத்த மவுண்ட் கிடைக்கிறது. அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

மடங்குக்கு வருவோம். இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கினால் இலக்கு மட்டுமா பெரிதாகும்? நம் கை நடுக்கம், இதயத் துடிப்பு, காலையில் குடித்த இரண்டாவது டம்ளர் காபி எல்லாம் இருபத்துநாலு மடங்கு. கடைசியில் நான் வாங்கினது நாலு மடங்கு. முன் லென்ஸ் 32 மி.மீ. "இதானா சார்?" என்று கடைக்காரர் பார்த்த பார்வையில் நான் டீ மட்டும் ஆர்டர் பண்ணின கஸ்டமர் ஆனேன்.

பொருத்தின பிறகு ஒரு ஞாயிறு முழுக்கக் கணக்குதான். ஒரு 'கிளிக்' திருகினால் நூறு கஜத்தில் கால் அங்குலம் நகரும் என்று போட்டிருக்கும். பதினோரு மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஏற்றப் பதிமூன்று கிளிக். என் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பதினோரு மீட்டர் போவதற்குள் மூன்று சென்டிமீட்டர் போலத் தாழும். இருபத்திரண்டு மீட்டரில் பன்னிரண்டு. தூரம் இரட்டித்தால் தாழ்வு நாலு மடங்கு. நிலாப் பாட்டியைத் தெளிவாகப் பார்த்து என்ன, குண்டு அவள் காலடியில்கூட விழாது.

மானப் பிரச்னையாக ஒன்று சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. பின்னால் ஒரு சின்ன ஓட்டை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற பத்துப் பாயின்ட் புள்ளி அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கினது இப்படித்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினதும் இப்படித்தான். இதை மனைவியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆபீஸில் விஷயம் பரவியது. பக்கத்து ஸீட் நண்பர் ரகசியமாக வந்தார். "சார், எங்க மாடியில ஒரே புறா. காக்கா வேற. உங்க துப்பாக்கிய ஸ்கோப்போட ஒரு ரெண்டு நாள்..."

"தர மாட்டேன்" என்றேன்.

"சத்தமே வராதுன்னீங்களே?"

சத்தம் வராததுதான் வம்பு. 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டத்தில் காக்கை, எலி வகையறாவைத் தொல்லைப் பிராணிகள் என்று தனிப் பட்டியல் போட்டிருந்தார்கள். 2022-ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரலிலிருந்து அந்தப் பட்டியலே இல்லை. அதுவும் எங்கள் பக்கத்தில்! ஒரு புறம் பெரும்பாக்கம் சதுப்பு, அதை ஒட்டினாற்போல் 2022-ல் ராம்சர் அந்தஸ்து பெற்ற பள்ளிக்கரணை. சீசனில் பூநாரை, கூழைக்கடா, நாமக்கோழி என்று வந்து இறங்குகிற ஊர். ஆறு ஜூல் குண்டு ஒரு பறவையை உடனே கொல்லக்கூடக் கொல்லாது. இறக்கைக்குள் ஈயத்தோடு பறக்கவிடும், அது எங்கேயோ நாணலுக்குள் போய் நாலு நாள் கழித்துச் சாகும். யாருக்கும் தெரியாது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சுட வேண்டாம் சார். ஸ்கோப் வழியா சும்மா பூநாரைய பாக்கலாம்ல?"

"ஸ்கோப் பாக்கற பக்கமெல்லாம் குழாயும் பாக்கும். குண்டு இல்லன்னாலும் அந்தப் பழக்கமே வேண்டாம். அந்தக் காசுக்கு எட்டு மடங்கு பைனாகுலர் வாங்குங்க. ரெண்டு கண்ணாலயும் பாக்கலாம்."

எழுந்து போனவர் திரும்பி வந்தார்.

"சார், பைனாகுலர்ல அந்தப் பேரலாக்ஸ் தொந்தரவு உண்டா?"