ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

புதன்கிழமை. துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. ஐந்து வயதுப் பேரனின் முறை வந்ததும், "ஒண்ணுமில்லடா சாமி, பயப்படாதே" என்றார் அப்பத்தா. அவர் முகத்திலோ கலவரம். பையன் வீறிட்டான். சோறு உண்ண மறுக்கும்போதெல்லாம் "ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டியவரும் அவரேதான்.

பையனின் அப்பா அவனை வாங்கி, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொண்டார். "சுருக்குன்னு கொஞ்சம் வலிக்கும், உடனே முடிஞ்சிடும். நம்ம செவலைக் கன்னுக்கு நெத்தியில எத்தனை சுழி?" பையன் யோசிப்பதற்குள் ஊசி முடிந்தது. கண் கலங்கினான், அலறவில்லை.

கோமாரி ஊசிக்குக் கன்றைப் பிடிப்பவர் பதறினால் கன்றும் மிரளும். பிள்ளையும் பெரியவர் முகத்தைப் பார்த்தே பயத்தை அளக்கிறது. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியுள்ளது. ஊசியைச் சொல்லி மிரட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.