தினப்படிச் சேதி: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்நாள் குறிப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த தினப்படிச் சேதிக் குறிப்பினாலேயே இன்று பெரிதும் அறியப்படுகிறார். ‘துபாசி’ என்பது இருமொழி அறிந்தவர் என்னும் பொருளுடைய சொல்லாயினும், நடைமுறையில் அப்பதவி மொழிபெயர்ப்போடு நின்றதில்லை. கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்து கொடுப்பதும், உள்நாட்டு அரசர்களுக்கு ஓலை எழுதுவதும், ஊரார் வழக்குகளை ஆளுநரிடம் கொண்டுசெல்வதும், ஆளுநரின் ஆணையை ஊராருக்கு அறிவிப்பதும் அதில் அடங்கும். வணிகம், பொதுப்பணி, குடும்பம் ஆகிய மூன்றையும் தனித்தனி அறைகளில் பூட்டிவைக்கும் வழக்கம் தோன்றாத காலத்தவராகிய அவரை, அவர் கைக்கொண்ட முறைப்படியே வருஷமும் மாதமும் இட்டு நினைவுகூர்வது பொருத்தமாகும்.

சர்வதாரி வருஷம், பங்குனி (1709 மார்ச் 30)

சென்னையை அடுத்த பெரம்பூரில் வணிகரான திருவேங்கடம் பிள்ளைக்கு மகனாக ஆனந்தரங்கர் பிறந்தார். தந்தையின் மைத்துனரான நைனியப்ப பிள்ளை அப்போது புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்தமையால், அவருடைய அழைப்பின் பேரில் அக்குடும்பம் வளர்ந்துவந்த அந்தத் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் உறவின் நிழலில் வந்த குடும்பம், பதவியின் வெயிலையும் விரைவிலேயே கண்டது. 1716இல் ஆளுநர் எபேர் நைனியப்பரைச் சிறையிட்டார்; பொது இடத்தில் கசையடியும் சொத்துப் பறிமுதலும் தண்டனையாக விதிக்கப்பட, அவர் 1717இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்கே சென்று முறையிட்டு, அங்குக் கிறித்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தலைமைத் துபாசிப் பதவியை மீண்டும் குடும்பத்துக்குக் கொணர்ந்தாலும், 1724இல் அவரும் மறைந்தார். ஆளுநரின் ஒரு சொல்லால் வருவதும் ஒரு சொல்லால் போவதுமே இப்பதவி என்னும் பாடத்தைப் பதினைந்து வயது நிறையும்போதே ஆனந்தரங்கர் தம் வீட்டுக்குள்ளேயே கற்றிருந்தார்.

பராபவ வருஷம் (1726)

திருவேங்கடம் பிள்ளை காலமானார். பதினேழு வயது மகனின் தோளில் தொழிலும் குடும்பமும் ஒருங்கே ஏறின. அவ்வாண்டு மீண்டும் ஆளுநரான லெனுவார், தந்தையின் நேர்மையை அறிந்தவராதலால், மகனையும் ஆதரித்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பண்டகசாலை என்பது வெறும் கிடங்கன்று. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, துணி வாங்கி, தரம் பார்த்து, கட்டுக் கட்டிக் கப்பலேற்றும் வணிக நிலையமாகும். ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்று, அங்குள்ள சரக்கைத் துறைமுகத்துக்குக் கொணரும் பொருட்டு, ஆர்க்காடு, லாலாப்பேட்டை ஆகிய ஊர்களிலும் பிள்ளை வணிக இடங்களை அமைத்தார். பின்னாளில் ‘ஆனந்தப் புரவி’ என்ற பெயரில் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. பாக்கு வாணிபம் அவருடைய நிலையான தொழில்களுள் ஒன்று.

நள வருஷம், ஆவணி (1736 செப்டம்பர் 6)

நாட்குறிப்பின் தொடக்கம் இந்நாளுக்குரியது. இத்தகைய எழுத்து ஒரு வணிகரிடமிருந்து வந்தது தற்செயலன்று. தமிழ் வணிகர்கள் அன்றாட வரவு செலவைச் ‘சிட்டை’யில் நாள்வாரியாகப் பதிந்து, பின்னர் ‘பேரேடு’ எனப்படும் பெருங்கணக்கில் ஆள்வாரியாக ஏற்றுவது வழக்கம். பணத்துக்கு எழுதிய அச்சிட்டையைச் செய்திக்கும் எழுதியதே பிள்ளை செய்த புதுமை. ஆகவேதான் கப்பல் வந்த நாழிகை, அதற்கு முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, இறங்கிய வெள்ளிப் பெட்டிகள், துணியின் விலை, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார் என்பன போன்ற விவரங்கள் அதில் கணக்குப் பிசகாமல் நிற்கின்றன. காலையில் ஆளுநர் மாளிகைக்குச் சென்றதும், அங்கு நடந்த உரையாடலும், பிறகு தம் பாக்குக் கிடங்குக்கு வந்து அமர்ந்ததும், அங்கு வணிகரும் வழக்காளிகளும் உறவினரும் வந்து பேசியதும் குறிப்பில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. அப்பாக்குக் கிடங்கு ஒரே வேளையில் கடையாகவும், அலுவலகமாகவும், ஊர்ப் பொதுமன்றமாகவும் இருந்தது எனலாம். நல்ல நேரம், சாதகம், சகுனம் ஆகியவற்றில் அவருக்கு இருந்த உறுதியான நம்பிக்கையும் விலைவாசிக்குப் பக்கத்திலேயே பதிவாகியுள்ளது.

குரோதன வருஷம், மாசி (1746 பிப்ரவரி)

குருவப்பருக்குப் பின் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் காலமானார். அவர் கிறித்தவர், அடுத்து வருபவரும் கிறித்தவராகவே இருக்கவேண்டும் என்று விரும்பியோர் நகரில் செல்வாக்குடையோராய் இருந்தனர். ஆயினும் 1742 முதல் ஆளுநராக இருந்த டூப்ளே, வணிகத் திறத்தையும் அரசவைச் செய்திகளை அறியும் திறத்தையும் கருதிப் பிள்ளையையே நாடினார். 1747இல் பிள்ளை தலைமைத் துபாசியாக நியமிக்கப்பட்டார். முதலியாரின் சொத்து குறித்து உறவினரிடையே எழுந்த வழக்கு சாதித் தலைவர்களின் தீர்ப்புக்கு விடப்பட்டது. இத்தலைவர்களை ‘மகாநாட்டார்’ என்பர். கம்பெனியின் ஆட்சிக்குள்ளும் குடும்ப வழக்குகள் நாட்டு வழக்கப்படியே தீர்க்கப்பட்டமைக்கு இது சான்றாகும். கம்பெனிக்கும் மகாநாட்டாருக்கும் இடையில் நின்று இரு தரப்பின் சினத்தையும் தாங்குவதே துபாசியின் பொதுப்பணி.

விபவ வருஷம், ஆவணி (1748 செப்டம்பர்)

அப்பணியின் எல்லையைக் காட்டிய மாதம் இது. ஆங்கிலேயத் தளபதி பொஸ்காவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், இயேசு சபையாரின் கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் முறையிட்டதையும், அம்முறையீடு பயனற்றுப் போனதையும், தாம் தலைமைத் துபாசியாக இருந்தும் அதைத் தடுக்க இயலாமையையும் பிள்ளை விரிவாக எழுதியுள்ளார். முற்றுகை அக்டோபரில் தோற்று விலக, நகரமும் டூப்ளேயின் புகழும் பிழைத்தன, கோயில் பிழைக்கவில்லை. பிள்ளையைப் போற்ற எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதுண்டு. ஆனால், தமக்குப் பெருமை தராத இந்நிகழ்ச்சியை அவர் தம் கையாலேயே விடாமல் பதிந்திருக்கிறார் என்பது, பட்டங்களைக் காட்டிலும் அவரைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறது. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைப்பது கணக்காகாது என்பதை அறிந்த கை அது.

சுக்கில வருஷம் (1749)

ஆகஸ்டில் நடந்த ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கொல்லப்பட, பிரெஞ்சுப் படையின் துணையோடு வெற்றி பெற்ற முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் புதுச்சேரிக்கு வந்தனர். இத்தொடர்பின் வழியே முசாபர் ஜங், பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டமும் செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் வழங்கினார். ‘மன்சப்’ என்பது முகலாய ஆட்சியில் ஒருவரின் தகுதியைக் குதிரைகளின் எண்ணிக்கையால் அளந்த பதவிமுறையாகும். பெரம்பூரிலிருந்து வந்த வணிகக் குடும்பத்துக்கு இது மிகப் பெரிய உயர்வு. செல்வாக்கு ஓங்கிய இக்காலத்தில் தமிழ், தெலுங்கு, வடமொழிப் புலவர்கள் அவரை நாடி வந்தனர். தியாகராச தேசிகர் இயற்றிய ‘ஆனந்தரங்கன் கோவை’யும், சீனிவாச கவி வடமொழியில் இயற்றிய ‘ஆனந்தரங்க விஜய சம்பு’வும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை.

இல்லத்தில் அவர் மனைவி மங்கத்தாயி. மக்கள் மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும். தம்பியின் பிள்ளைகளும் அவர் பொறுப்பிலேயே இருந்த கூட்டுக் குடும்பம் அது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீட்டு முறையிலும், மேல்தளம் பிரெஞ்சு முறைத் தூண்களோடும் அமைந்த அவருடைய மாளிகை இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது. ஒரு துபாசியின் வாழ்வு எவ்வாறு இரண்டு அடுக்குகளாய் இருந்தது என்பதை அக்கட்டடமே விளக்கும்.

பவ வருஷம் (1754)

அக்டோபரில் டூப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆளுநரைச் சார்ந்தெழுந்த செல்வாக்கு ஆளுநரோடு தேய்வது இயல்பு. அதனோடு உடல்நலக் குறைவும் சேர, 1756இல் பிள்ளை தலைமைத் துபாசிப் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் பதவி போன பின்னும் குறிப்பு நிற்கவில்லை. ஆளுநரின் தயவுக்காக எழுதியிருந்தால் அது 1754இலோ 1756இலோ முடிந்திருக்கும்.

விக்கிரம வருஷம், தை (1761 ஜனவரி 12)

ஆங்கிலேயரின் மற்றொரு முற்றுகையால் நகரம் உணவின்றித் தவித்த நாள்களில், ஐம்பத்தோராம் வயதில் ஆனந்தரங்கப் பிள்ளை காலமானார். நான்கு நாள் கழித்து, ஜனவரி 16இல், பிரெஞ்சுத் தளபதி லாலியின் தலைமையிலிருந்த புதுச்சேரி ஆங்கிலேயரிடம் பணிந்தது. கோட்டையும் நகரின் பெரும்பகுதியும் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டன. பிள்ளையின் தந்தையின் பெயரையே தாங்கிய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை குறிப்பைத் தொடர்ந்து எழுதினார். வணிகக் குடும்பங்களில் சொத்தும் கடனும் பங்கிடப்படுவதுண்டு. இக்குடும்பத்திலோ நாள்தோறும் எழுதும் கடமையும் அடுத்த தலைமுறைக்குச் சொத்தாக இறங்கியது.

மீண்டும் பராபவ வருஷம் (1846)

தந்தையை இழந்து பதினேழு வயது இளைஞர் குடும்பப் பொறுப்பை ஏற்ற பராபவத்துக்குப் பின் அறுபதாண்டுச் சுழற்சி இருமுறை சுற்றி வந்தபோது, கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இக்குறிப்பேடுகளைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்களை இதன் அடிப்படையில் எழுதினார். தமிழிலேயே எழுதப்பட்ட இந்நூல் 12 தொகுதிகளாகத் தமிழில் அச்சேறியது 2019இல்தான். அதாவது, ஆங்கிலத்தில் இறுதித் தொகுதி வெளிவந்து 91 ஆண்டுகளுக்குப் பிறகு.

இத்தாமதம் ஒன்றை வலியுறுத்துகிறது. தமிழகத்துப் பழைய வணிக வீடுகளின் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் சிட்டைகளும் பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் இன்னமும் கிடக்கின்றன. குடும்பம் பிரியும்போதோ வீடு இடிபடும்போதோ அவை பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. அவ்வாறு போடுமுன், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறையேனும் காட்டுவது, தொழிலையும் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே சுமந்த முன்னோர்க்கு வீட்டார் செய்யத்தக்க முதல் கடமையாகும்.