புறாத்தீவும் நமது பிள்ளைகளும்

இலங்கை நாற்புறமும் கடலால் சூழப்பட்ட தீவு என எழுதி நமது மாணவர்கள் முழுப் புள்ளியும் பெற்றுவிடுகின்றனர். ஆனால், கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டமொன்றில் நாம் கற்பிக்கும் பத்தாம் வகுப்பில், கடலைக் கண்டவர் எத்தனை பேர் எனச் சென்ற ஆண்டு வினவியபோது உயர்ந்த கைகள் நான்கே. யட்டியாந்தோட்டையைத் தழுவி ஓடும் களனி கங்கை கடலைச் சென்றடைகிறது. அதன் கரையில் வளரும் பிள்ளைகள் சென்றடையவில்லை.

கீழைக்கரை அமைதியாயிருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் திருகோணமலைக்குச் செல்வதென முடிவு செய்தோம். ஆளுக்கு வந்த செலவு தொழிலாளியின் மூன்று நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் நாளொன்றுக்கு 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டிருந்ததை வாசகர் அறிவர். முப்பத்தொருவரில் பத்தொன்பது பேரே வந்தனர். வர இயலாத பிள்ளைகளின் பெற்றோர் வழியில் நம்மைக் கண்டு தலை குனிந்து சென்றதை நாம் மறக்கவில்லை.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ளது புறாத்தீவு. பாறைகளில் வாழும் மாடப்புறாக்களால் பெற்ற பெயர் அது. 2003 இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து வெளிநாட்டார் பலர் மிதந்துகொண்டிருந்தனர். நம் பிள்ளைகளுள் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. மிதவை அங்கி அணிவித்து, படகோட்டிகள் கைபிடிக்க, இடுப்பளவு நீரில் ஒவ்வொருவராய் முகம் தாழ்த்தினர்.

பால் வெட்டும் தாயொருத்தியின் மகள் தலை நிமிர்த்திக் கேட்டாள்: "சேர், இது கல்லா, உசுரா?"

உயிர்தான் என்றோம். மிகச் சிறிய உயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து, தம் முன்னோரின் கூட்டின்மீதே கூடு கட்டி எழுப்பியது பவளப்பாறை. கடல் மிதமிஞ்சிச் சூடேறினால் அது வெளிறி மடியும். 1998 இல் ஹிக்கடுவையின் பாறைகளுட் பெரும்பகுதி அவ்வாறே மடிந்தன. மனிதன் மிதித்தாலும் நொறுங்கும் என்றோம்.

சற்று நேரத்தில், பாறைமீது ஏறி நின்று படம் எடுத்த கொழும்புப் பெரியவர் ஒருவரை நோக்கி, "ஐயா, கால வைக்காதீங்க, அது உசுரு" என்று அவள் கூவினாள். அவள் எவரிடமும் குரல் உயர்த்திப் பேசி அதுவரை நாம் கேட்டதில்லை.

திரும்பிய மறுநாள் அவளது லயத்துக்குச் சென்றோம். அம்மாயி பேத்தியிடம் கேட்டதொன்றே: "எங்கக்கா போன கடலாடி?"

1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் விதித்தது. அதன்படி தலைமன்னாரில் கப்பலேறியவருள் அம்முதியவளின் தமக்கையும் ஒருத்தி.

"அது வேற கரை அம்மாயி. இதுல நான் மீனு பாத்தேன்" என்றாள் பேத்தி.

நமது மக்களுக்குக் கடல் வந்த வழியாயிற்று, பிரிந்த வழியாயிற்று, களித்து விளையாடும் இடமாக மட்டும் ஆகவில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையே பேருந்தில் ஓர் இரவுப் பயணமே உண்டு. அவ்விரவைக் கடக்கவொட்டாது தடுப்பது சம்பளம். உழைப்பவனுக்குச் சோறு போலவே ஓய்வும் உரிமை என்பதை வகுப்பறையில் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது.

எஞ்சிய பன்னிருவருக்காகவும் இவ்வாண்டு ஆசிரியர்கள் சேர்ந்து சீட்டொன்று தொடங்கியிருக்கிறோம். ஆகஸ்டில் அவர்கள் கடலைக் காண்பார்கள்.