நம்ம வீட்டு ரத்தம்

என் நோய்க்கு ஒரு மனிதரின் பெயர். அவர் அந்த நோயை ஆராயத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. எரிக் வான் வில்லிபிராண்ட் 1870இல் ஃபின்லாந்தின் வாசாவில், ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மைச் சமூகத்தில் பிறந்தவர். 1899இல் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றினால் மிச்ச ரத்தத்தில் என்ன மாற்றம் நடக்கிறது என்பது. அதன்பிறகு நீரிழிவு, வளர்சிதை மாற்றம் என்று அவர் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. ஹெல்சின்கியில் டீக்கனஸ் மருத்துவமனையின் மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், இன்னும் சில வருடங்களில் ஓய்வுபெறப்போகிற ஒரு பெரிய டாக்டர். புதிதாக எதையும் தொடங்கவேண்டிய அவசியம் இல்லாதவர்.

1924இல் அவரிடம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பால்டிக் கடலில் ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவே இருக்கிற அலாந்து தீவுக் கூட்டத்தின் ஃபோக்லோ பகுதிக் குடும்பம். பதினொரு பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அவளுடைய அக்கா தங்கைகளில் சிலர் ரத்தம் போயே சின்ன வயதில் இறந்திருந்தார்கள்.

ரத்தம் உறையாத பரம்பரை நோய் என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது ஹீமோஃபிலியா. ராணி விக்டோரியாவின் வம்சத்தில் ஓடிய நோய். அம்மா சுமப்பாள், மகனுக்கு வரும். மருத்துவம் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். ஆனால் இந்தத் தீவுக் குடும்பத்தில் ரத்தம் போய்ச் செத்தவர்கள் பெண் குழந்தைகள்.

வான் வில்லிபிராண்ட் செய்தது ரொம்ப எளிமையான காரியம். சிறுமியோடு நிறுத்தாமல் அவளுடைய சொந்தபந்தம் முழுக்க விசாரித்தார். அறுபத்தாறு பேரைப் பற்றிய விவரம் கிடைத்தது. அதில் இருபத்து மூன்று பேருக்கு ரத்தப்போக்கு இருந்தது. அந்த இருபத்து மூன்றில் பதினாறு பேர் பெண்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் நோய் இருந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. குழாயில் எடுத்து வைத்த ரத்தம் உறைகிற நேரமும் சரியாக இருந்தது. தோலில் சின்னதாகக் கீறிவிட்டுப் பார்த்தால் மட்டும் ரத்தம் நிற்காமல் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. 1926இல் ஸ்வீடிஷ் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். பரம்பரைப் போலி ஹீமோஃபிலியா என்று பெயர் வைத்தார்.

இதையெல்லாம் நான் படித்தது என் இருபத்தெட்டாவது வயதில், நோய் இன்னதென்று தெரிந்த பிறகு. அந்தப் பதினாறு என்ற எண்ணில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மூக்கில் ரத்தம் வந்தால் ஒரு பையனுக்கும் தெரியும், அவன் அப்பாவுக்கும் தெரியும். மாதாமாதம் போகிற ரத்தம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு பெண் அதைச் சொல்லவேண்டும், கேட்கிறவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளவேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு பன்னிரண்டு வயதில் தொடங்கியது. ஒன்பது நாள், பத்து நாள் போகும். இரவில் இரண்டு முறை எழுந்து துணி மாற்றுவேன். பள்ளியில் நீலப் பாவாடை என்பதால் பிழைத்தேன். அம்மாவிடம் சொன்னால், "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்டி. எனக்கும் இப்படித்தான், உங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான். நம்ம வீட்டு ரத்தம் அப்படி" என்பாள். அதில் ஆறுதலும் இருந்தது, ஒரு கதவைச் சாத்துகிற சத்தமும் இருந்தது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுவரொட்டி. ஓட்டைக் குடத்தில் பதினைந்து வருடம் தண்ணீர் ஊற்றினோம்.

இருபத்தேழு வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. அந்தப் பல் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டு ரத்தநோய் நிபுணரிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேமிலில வேற யாருக்காவது ரத்தம் நிக்காம போற பிரச்சனை உண்டா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பட்டென்று சொன்னாள்: "அப்படியெல்லாம் யாருக்கும் இல்லைங்க டாக்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. நோய் என்று கேட்டார்கள், நோய் இல்லை என்றாள். எல்லோருக்கும் இருப்பது நோயாகுமா?

முதல் பரிசோதனையில் அளவு எல்லைக்கோட்டில் இருந்தது. மனஅழுத்தம், காய்ச்சல், கர்ப்பம் எல்லாம் இந்தப் புரதத்தின் அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் என்பதால் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது முறை குறைவாகவே வந்தது. வான் வில்லிபிராண்ட் நோய், முதல் வகை. மிதமானது. மாதவிடாய் நாட்களுக்கு ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்கவேண்டும் என்று ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோ என்ற பெண் தன் கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து கண்டுபிடித்து 1962இல் வெளியிட்ட மருந்து. சாதாரண மாத்திரைதான், பல வருடங்களாக மருந்துக் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. என் ஒன்பது நாள் ஐந்து நாளானது.

வான் வில்லிபிராண்ட் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தட்டணுக்களின் வேலையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும்தான் கோளாறு என்று நினைத்தார். 1930களில் ஜெர்மனியின் ருடால்ஃப் யூர்கன்ஸோடு சேர்ந்தும் ஆராய்ந்தார். விடை கிடைக்காமலே 1949இல் இறந்துபோனார். 1950களின் இறுதியில் இங்கா மரீ நீல்சன், மார்கரெட்டா புளோம்பேக் உள்ளிட்ட ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதே அலாந்து குடும்பங்களைப் போய்ப் பார்த்தார்கள். தட்டணுக்களில் கோளாறு இல்லை, பிளாஸ்மாவில்தான் எதுவோ குறைகிறது என்று காட்டினார்கள். ஹீமோஃபிலியா நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்ததைக் கொடுத்தாலும் இவர்களுக்கு ரத்தம் நின்றது. அப்படியென்றால் இவர்களிடம் இல்லாதது வேறொன்று. காயம்பட்ட இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கிற ஒரு பெரிய புரதம் அது. 1985இல் அதன் மரபணுவையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. பாலினம் சாராத குரோமோசோம். அதனால்தான் ஆண், பெண் இருவருக்கும் வருகிறது.

அந்தச் சிறுமி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பதின்ம வயதின் தொடக்கத்தில், தன் நான்காவது மாதவிடாயில் இறந்துபோனாள்.

அந்த வரியைப் படித்த இரவில்தான் அக்கா மகளைப் பற்றி யோசித்தேன். அவளுக்குப் பத்து வயது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும், 'சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள். இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் பெரியவளாகிவிடுவாள்.

டெஸ்ட் எடுக்கலாம் என்றதும் வீட்டில் சண்டை. அக்கா சம்மதித்தாள், அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்கு எழுதிக் குடுத்தது போதாதா? பச்சப்புள்ள பேர்ல ஒரு நோய ஏத்திவிட்டா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?" அந்தக் கேள்வியை என்னால் சுலபமாகத் தள்ளமுடியவில்லை. எனக்கு வந்த இரண்டு வரன்கள் இந்தப் பெயரைச் சொன்ன பிறகு நின்றுபோனவை. பெயர் இல்லாதவரை அது வெறும் பலவீனம். பெயர் வந்துவிட்டால் ஜாதகத்தில் ஒரு கட்டம் கூடிவிடுகிறது.

நான் வாதாடவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவும் வந்தாள், நான் என்ன செய்கிறேன் என்று கண்காணிக்க. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். ரத்தப்போக்கு இருந்தவர்களை நிரப்பவேண்டும். 'நோய் இருந்ததா' என்று கேட்கவில்லை. எத்தனை நாள் போகும், பிரசவத்தில் என்ன ஆச்சு, பல் பிடுங்கினப்போ எப்படி என்று மட்டும் கேட்டேன்.

பெரியம்மா சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தெட்டு வயதில் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தது. அம்மாச்சியின் தங்கை இரண்டாவது பிரசவத்தில் போனது. மாமாவுக்கு மூலம் ஆபரேஷனில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கதையாக எனக்கு முன்பே தெரிந்ததுதான். ஒரே தாளில் பார்த்தபோது பெரியம்மாவே நிறுத்திவிட்டு, "என்னடி இது, வரிசையா வருது" என்றார்.

அம்மாச்சி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. படத்தில் அதற்கு இரட்டைக் கோடு போடவேண்டும். கோளாறுள்ள மரபணு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் மிதமாக இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமலே போகலாம், அது மூன்றாவது வகை. சொந்தத்தில் கட்டும் சமூகங்களில் அது அதிகம் தெரிகிறது. இதை நான் விளக்கியபோது அம்மா எதுவும் பேசவில்லை. இரட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் சொன்னாள்: "எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. ரெண்டு வயசு. கீழ விழுந்து நாக்கக் கடிச்சுக்கிட்டா. ராவும் பகலும் ரத்தம் நிக்கலயாம். செய்வினைன்னு சொன்னாங்க. அம்மா அவளப் பத்திப் பேசவே விடமாட்டா."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவுக்கு இடப்பக்கம் ஒரு வட்டம் போட்டு, நிரப்பி, குறுக்கே கோடு இழுத்தேன். "பேரு என்னம்மா?" அம்மா சொன்னாள். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். வட்டத்துக்குக் கீழே எழுதினேன். அதில் ஒரு எழுத்து தப்பு என்று அம்மா திருத்தினாள்.

போன மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். முடிவு எல்லைக்கோட்டில் வந்திருக்கிறது, எனக்கு முதலில் வந்த மாதிரியே. இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். அதுவரை ஆஸ்பிரின் கூடாது, முதல் மாதவிடாய் வந்தால் உடனே தகவல் சொல்லவேண்டும், என்ன மாத்திரை எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

அங்கேயும் டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.